1966 பேட்மேன் தொடரை டிஸ்க்கில் மறுபடி பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது எந்த பேட்மேன்?

மழை இருட்டில் நின்றுகொண்டு கரகரத்த குரலில் மிரட்டுகிறாரே, அவர் இல்லை. பட்டப்பகலில் சாம்பல் உடுப்பும் நீல முகமூடியுமாகக் காரிலிருந்து குதித்து, படியேறிப் போய் போலீஸ் கமிஷனரிடம் மரியாதையாக நலம் விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குபவர். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜனவரி 12 முதல் 1968 மார்ச் 14 வரை ஓடிய தொடர். மூன்று சீசன், மொத்தம் 120 எபிசோடு, ஒவ்வொன்றும் அரை மணி நேர ஒளிபரப்பு. பேட்மேனாக ஆடம் வெஸ்ட், ராபினாக பர்ட் வார்டு, பட்லர் ஆல்ஃபிரெடாக ஆலன் நேப்பியர். தயாரித்தவர் வில்லியம் டோசியர். தொடர் எந்தத் தொனியில் போகவேண்டும் என்று எழுத்தில் வகுத்துக் கொடுத்தவர் லொரென்சோ செம்பிள் ஜூனியர்.

இவ்வளவு பிரபலமான தொடர் டிஸ்க்கில் வர ஏன் 2014 வரை ஆனது?

உரிமைச் சிக்கல்தான். தொடரைத் தயாரித்து வைத்திருந்தது ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ். பேட்மேன் என்ற பாத்திரம் டிசி காமிக்ஸுடையது. டிசியோ வார்னர் கையில். ஆக, ஒருவரிடம் பிலிம் சுருள், இன்னொருவரிடம் அதில் நடிக்கும் ஆள். இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடாமல் ஒரு டிஸ்க்கும் வெளியே வர முடியாது. போதாக்குறைக்கு டோசியருடைய சொந்த நிறுவனமான கிரீன்வேயின் பங்கும் இதில் இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், அதே நடிகர்களை வைத்து 1966-இல் எடுத்த முழுநீளத் திரைப்படம் 2001-லேயே ஃபாக்ஸ் வழியாக டிவிடியில் வந்துவிட்டது. தொடர் மட்டும் வரவில்லை. டிவியில் மறு ஒளிபரப்பானதைப் பதிவு செய்த மங்கலான வீடியோ கேசட்டுகளைத்தான் ரசிகர்கள் கைமாற்றிக் கொண்டிருந்தார்கள். 2014 ஜனவரியில் அமெரிக்க டிவி தொகுப்பாளர் கோனன் ஓ’பிரையன் ட்விட்டரில் சேதியைப் போட்டு உடைத்தார். அந்த நவம்பரில் வார்னர் முழுத் தொடரையும் டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் வெளியிட்டது.

பேட்மேனின் கார் பேட்மொபைலுக்குக்கூட நீதிமன்றம் வரை போன கதை உண்டு. பேட்மொபைலின் நகல்களைச் செய்து விற்ற ஒருவர் மீது டிசி தொடுத்த வழக்கில், பேட்மொபைலும் பதிப்புரிமை பெறத்தக்க ஒரு பாத்திரமே என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கார் பாத்திரமாகிவிட்ட உலகத்தில் உரிமைப் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் ஆச்சரியமில்லை.

அரை நூற்றாண்டுப் பழைய டிவி தொடரை ப்ளூ-ரேயில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

நிறம். தொடர் 35 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டது, அதனால் சுருளிலேயே நல்ல விவரம் பதிந்திருக்கிறது. 1966-இல் பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் இருந்தது கறுப்பு-வெள்ளைப் பெட்டிதான். வண்ண டிவி அங்கே பரவலாக இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. ஆக, ஊதா கோட்டு, பச்சைத் தலைமுடி, செக்கச்சிவந்த தொலைபேசி என்று இவர்கள் பார்த்துப் பார்த்துப் பூசிய நிறங்களை அன்று பார்த்தவர்களில் பாதிக்கு மேல் சாம்பலாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நமக்கு டிஸ்க்கில் கிடைப்பது முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்களுக்கே கிடைக்காத படம்.

அப்புறம், மறைக்க நினைத்ததெல்லாம் தெரிகிறது. ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ மீசையை மழிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். சரி என்று அதன் மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசிவிட்டார்கள். பழைய ஒளிபரப்பில் அது லேசான நிழல் மாதிரி இருக்கும். ப்ளூ-ரேயில் முகம் அருகில் வரும்போதெல்லாம் வெள்ளைக்குள்ளிருந்து மீசை முடி ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு ஜோக்கர் பேசுவது காதில் ஏறாது. சண்டைக் காட்சிகளில் வெஸ்டுக்கும் வார்டுக்கும் பதிலாக மோதுவது டூப் என்பதும் பளிச்சென்று தெரியும். எனக்கு இதில் குறையே தோன்றவில்லை. இந்தத் தொடர் எதையும் நம்பவைக்க முயலவே இல்லை.

பேட்மேனின் ரகசியத் தளமான பேட் குகையில் எல்லாப் பொருளுக்கும் பெயர்ப்பலகை உண்டு. கம்ப்யூட்டர், கண்ணாடிக் குழாய், கைப்பிடி என எதையும் விடவில்லை. குகைக்குள் வருவது இரண்டே பேர், பிறகு ஆல்ஃபிரெட். யாருக்காக எழுதி ஒட்டினார்கள் என்று தெரியாது. ஆனால் இப்போது நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் படிக்கலாம்.

ஒன்று: படம் பழைய 4:3 அளவில், இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும். டிவி ரிமோட்டில் இழுத்து அகலமாக்காதீர்கள். வில்லன் கூடாரக் காட்சிகளில் கேமராவை வேண்டுமென்றே சாய்த்து எடுத்திருக்கிறார்கள், கோணல் ஆட்களுக்குக் கோணல் சட்டகம். இழுத்தால் அந்தச் சாய்வு கெட்டுப்போகும்.

இந்த அபத்தமெல்லாம் தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா?

தெரிந்தேதான். அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

டோசியர் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர் அல்ல. வேலைக்காகப் புத்தகங்களை வாங்கிப் படித்தபோது இதை நேரடியாக எடுத்தால் எடுபடாது என்று அவருக்குத் தோன்றியது. கண்டுபிடித்த வழி இதுதான்: எவ்வளவு கிறுக்குத்தனமான நிலைமையாக இருந்தாலும் அதற்குள் இருப்பவர்கள் அதை உயிர்போகிற காரியமாக நடத்தவேண்டும். குழந்தைக்குச் சாகசம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு நகைச்சுவை. பின்னணியில் சிரிப்பொலி கிடையாது. ஆனாலும் எம்மி விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது நகைச்சுவைத் தொடர் பிரிவில்.

முதல் கதையிலேயே ஒரு காட்சி. புதிர் போட்டுக் குற்றம் செய்யும் வில்லன் ரிட்லரைத் துப்பறிந்து பேட்மேன் ஒரு டிஸ்கோ விடுதிக்குப் போகிறார். ராபின் மைனர், மது பரிமாறும் இடத்துக்குள் வரக்கூடாது. ஆகவே காரிலேயே உட்காரவேண்டும். முகமூடி, கொம்பு மாதிரி நிற்கும் காது, தரையைத் தொடும் மேலங்கி, இத்தனையோடும் உள்ளே நுழைந்தவரிடம் பணியாளர் மேசை காட்டுகிறார். வேண்டாம், பார் பக்கமாகவே நின்றுகொள்கிறேன், யாருடைய கவனத்தையும் ஈர்க்க விரும்பவில்லை என்கிறார் பேட்மேன். ஆரஞ்சு ஜூஸ் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். அதில் மயக்கமருந்து. அடுத்து அதே முகத்தோடு, இரண்டு விரல்களைக் கண்ணுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஒரு நடனம் ஆடுகிறார். அதற்கு ‘பட்டூசி’ என்று பெயரே வந்துவிட்டது. வெளியே ராபினைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். துரத்தக் காரில் ஏறப்போனால், நீங்கள் ஓட்டும் நிலையில் இல்லை என்று போலீஸ்காரர் தடுக்கிறார். பேட்மேனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அடங்குகிறார்.

இந்தக் காட்சியில் வெஸ்டை மட்டும் கவனியுங்கள். ஒரு இடத்திலாவது கண்ணடிக்கிறாரா, உதடு துடிக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. வாக்கியத்தின் நடுவே நிறுத்தி, ஒரு பெரிய உண்மை மண்டையில் உதித்ததுபோல மீதியைச் சொல்லும் அந்தப் பேச்சு முழுக்கத் திட்டமிட்ட நடிப்பு. ‘நடிக்கத் தெரியாத அழகான ஆள்’ என்று அவரை ஒதுக்கியவர்கள் உண்டு. டிஸ்க்கில் இரண்டாம் தடவை பார்க்கும்போது, தொடரையே தூக்கி நிறுத்துவது அவர்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வில்லன்கள் எவ்வளவு வேண்டுமானாலும் மிகைப்படுத்தலாம், ஏனென்றால் எதிரே ஒருவர் அசையாமல் நிற்கிறார்.

ஒரே மூச்சில் பார்த்து முடிக்கலாமா?

கூடாது. இந்தத் தொடரைக் கொல்ல அதைவிடச் சுலபமான வழி இல்லை.

முதல் இரண்டு சீசனும் புதன், வியாழன் என வாரம் இருமுறை ஒளிபரப்பாயின. புதன்கிழமை எபிசோடு இருவரையும் ஒரு மரண இயந்திரத்தில் கட்டிவிட்டு முடியும். கட்டியங்காரன் மாதிரி நடுநடுவே வந்து கதையை நடத்தும் குரல், நாளை இதே பேட் நேரம், இதே பேட் சேனல் என்று சொல்லிவிட்டுப் போகும். குரலுக்குச் சொந்தக்காரர் டோசியரேதான். வியாழக்கிழமை எப்படியோ தப்பிப்பார்கள். இரண்டு எபிசோடு சேர்ந்தால் ஒரு கதை. இரண்டாம் சீசனில் சில கதைகள் மூன்றுக்கும் நீள்கின்றன.

ஒவ்வொரு கதையும் ஒரே தடத்தில் ஓடும். விசித்திரக் குற்றம், கமிஷனர் கோர்டனும் போலீஸ் அதிகாரி ஓ’ஹாராவும் கையைப் பிசைவது, சிவப்புத் தொலைபேசி, ஷேக்ஸ்பியர் சிலையின் தலையைத் திருப்பிப் பொத்தானை அழுத்துவது, புத்தக அலமாரி விலகுவது, கம்பத்தைப் பிடித்து இறங்குவதற்குள் உடை மாறிவிடுவது, குகையிலிருந்து கார் பாய்வது. அந்தக் கார் பாயும் காட்சி லாஸ் ஏஞ்சலிஸின் பிரான்சன் கேன்யனில் எடுத்தது. அதையே திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை பார்த்த சிறுவனுக்கு அது திருவிழாக் கொடியேற்றம். ஒரு மாலையில் ஆறாவது தடவை பார்ப்பவருக்கு ரிமோட்டைத் தேடவைக்கும் சமாசாரம்.

என் யோசனை: இரண்டு எபிசோடு, ஒரு கதை, அன்றைக்கு அவ்வளவுதான். முடிந்தால் முதல் பாதியை இன்று, மறுபாதியை நாளை. ‘அடுத்த எபிசோடு’ தானாக ஓடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

எந்தக் கதையில் தொடங்குவது?

மேலே சொன்ன ரிட்லர் கதையிலேயே தொடங்கலாம், முதல் கதையே முழு வடிவத்தில் வந்துவிட்டது. அதில் ரிட்லர் பேட்மேனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறார், பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு. சாட்சிக் கூண்டில் ஏறினால் முகமூடிக்குள் இருப்பவர் யாரென்று சொல்லியாக வேண்டும். வெடிகுண்டைவிட நல்ல பொறி.

அடுத்தது என் பிரியமான கதை: இரண்டாம் சீசனில் பென்குவின் என்ற வில்லன் மேயர் தேர்தலில் நிற்பது. பேண்டு வாத்தியம், பாட்டுக் கச்சேரி, நடனம் என்று அவர் பிரசாரம் களைகட்டுகிறது; மேடையில் பால் ரெவியர் அண்ட் தி ரெய்டர்ஸ் என்ற நிஜமான ராக் குழுவே வாசிக்கிறது. எதிர்த்து நிறுத்தப்பட்ட பேட்மேனோ கொள்கைகளை மட்டும் பேசுவேன் என்று வறட்டுத்தனமாகப் பேச, கூட்டம் சேர மறுக்கிறது. 1966 நவம்பரில் ஒளிபரப்பானது. எந்த ஊர்த் தேர்தலைப் பார்த்தவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

புரூஸ் லீ ரசிகர்கள் 1967 மார்ச்சில் வந்த, கிரீன் ஹார்னெட் என்ற இன்னொரு முகமூடி நாயகன் வரும் கதையை முதலில் தேடுவார்கள். அதில் லீ அந்த நாயகனின் உதவியாளர் கேட்டோவாக வருகிறார். ஆர்வத்துக்குப் பார்க்கலாம், கதை சுமார்தான்.

வில்லன்களில் யார் சிறந்தவர்?

ஃபிராங்க் கோர்ஷினின் ரிட்லர். சிரித்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று முகம் செத்துப்போகும். அரை நொடிதான், ஆனால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். அந்த வேடத்துக்காக எம்மி பரிந்துரை பெற்றார். காமிக்ஸில் எப்போதாவது தலைகாட்டிய ரிட்லரைப் பெரிய வில்லனாக்கியதும் அவர்தான். இரண்டாம் சீசனில் அந்த வேடத்துக்கு ஜான் ஆஸ்டின் வந்தார். நல்ல நடிகர், ஆனால் தீ இல்லை.

பர்ஜெஸ் மெரிடித்தின் பென்குவினும் சளைத்ததல்ல. அந்த ‘வாக் வாக்’ சத்தம் பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார்: சிகரெட்டை விட்டுப் பல வருஷமான மனிதர் வேடத்துக்காக மறுபடி புகைக்க, தொண்டை கரகரத்து இருமல் வந்தது, அதை மறைக்கப் போட்ட சத்தம் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஜூலி நியூமாரின் கேட்வுமனைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அவர் வரும் கதைகளில்தான் பேட்மேனின் குரல் லேசாகத் தடுமாறும். அவர் அணிந்த உடை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மிஸ்டர் ஃப்ரீஸாக மட்டும் மூன்று பேர்: ஜார்ஜ் சாண்டர்ஸ், எலி வாலக், நடுவில் இயக்குநர் ஓட்டோ பிரெமிஞ்சர். காமிக்ஸில் மிஸ்டர் ஜீரோவாக இருந்தவரை இந்தத் தொடர்தான் மிஸ்டர் ஃப்ரீஸ் ஆக்கியது, காமிக்ஸும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது. இதே மாதிரி, காமிக்ஸில் 1964-இல் சாகடிக்கப்பட்ட ஆல்ஃபிரெடும் தொடர் வந்ததால் உயிர்த்தெழுந்தார். காமிக்ஸை இந்தத் தொடர் கேவலப்படுத்திவிட்டது என்று கோபப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சீசன் அவ்வளவு மோசமா?

காசில்லாதது கண்ணுக்குத் தெரிகிறது. வாரத்துக்கு ஒரே எபிசோடாகக் குறைத்தார்கள். வில்லன் கூடாரம் என்றால் கறுப்புத் திரைக்கு முன்னால் நாலு அட்டைச் சாமான்கள். அடி விழும்போது வரும் ‘பௌ’, ‘பாம்’ எழுத்துகளைக் கவனித்தாலே வித்தியாசம் புரியும். முதல் சீசனில் அவை சண்டையின் மேலேயே பதிந்திருக்கும். பிறகு செலவைக் குறைக்க, சண்டையை வெட்டி நடுவில் எழுத்து மட்டும் உள்ள வண்ண அட்டையைச் செருகினார்கள். சண்டை திக்கித் திக்கி நடக்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் பேட்கேர்ளாக இவோன் கிரெய்க் வருகிறார். நடனம் பயின்றவர், அவர் உதைப்பதைப் பார்ப்பது ஒரு சுகம். கேட்வுமனாக எர்தா கிட் என்ற கறுப்பினப் பாடகி-நடிகை வந்ததும் இந்த சீசனில்தான். 1967-இன் அமெரிக்காவில் அது சின்ன விஷயமல்ல. நியூமார் காலத்தில் பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் இடையே ஓடிய காதல் குறும்பு இவர் வந்ததும் அடியோடு காணாமல் போனது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். கிட்டின் உறுமல் அதற்கெல்லாம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜோக்கரும் பேட்மேனும் அலைச்சறுக்குப் போட்டியில் மோதும் எபிசோடும் இங்கே இருக்கிறது. பேட்மேன் தன் முழு உடுப்புக்கும் மேலே நீச்சல் டிரவுசர் போட்டிருக்கிறார். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

திரைப்படம் இந்தப் பெட்டியிலேயே இருக்கிறதா?

இல்லை, தனியாக வாங்கவேண்டும். முதல் சீசனுக்கும் இரண்டாவதற்கும் இடையில், 1966 ஜூலை 30 அன்று வெளியான படம். ஜோக்கர், பென்குவின், ரிட்லர், கேட்வுமன் நால்வரும் கூட்டு. கேட்வுமனாக லீ மெரிவெதர். சுறாவை விரட்டும் ஸ்பிரே எல்லாருக்கும் தெரியும். அதைவிட நல்லது துறைமுகக் காட்சி. திரி எரிந்துகொண்டிருக்கும் கறுப்பு உருண்டை வெடிகுண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேட்மேன் ஓடுகிறார். எறியலாம் என்று திரும்பினால் கன்னியாஸ்திரீகள். அந்தப் பக்கம் போனால் குழந்தை வண்டியோடு ஒரு பெண். தண்ணீரில் போடலாமென்றால் அங்கே ஒரு காதல் ஜோடி. ஜோடியை விட்டு நகர்ந்தால் வாத்துக்குஞ்சுகள். சில நாட்களில் ஒரு குண்டைத் தொலைக்கக்கூட வழியில்லை என்று அலுத்துக்கொள்கிறார். அதைச் சொல்லும்போதும் முகத்தில் சிரிப்பு இல்லை.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

தாராளமாக. ரத்தம் கிடையாது, பெல்ட் போடு, வீட்டுப்பாடத்தை முடி என்று ராபினுக்கு வரும் அறிவுரைகள் எக்கச்சக்கம். ஆறேழு வயதுப் பிள்ளைகள் இதைச் சாகசமாகத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கெக்கலித்துக் கெடுக்காதீர்கள்.

கூடுதல் சமாசாரங்களில் எது பார்க்கத் தகுந்தது?

நடிகர் தேர்வுக்காக எடுத்த சோதனைக் காட்சிகள். வெஸ்டும் வார்டும் செய்ததும் இருக்கிறது. லைல் வேகனர் என்ற நடிகர் பேட்மேனாகச் செய்து பார்த்ததும் இருக்கிறது. அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வேகனர் பார்க்கக் கம்பீரம், குரலும் நன்று, சிரிப்பு மட்டும் வரவில்லை. வெஸ்ட் வாயைத் திறந்ததும் தொடர் பிறந்துவிடுகிறது. பேட்கேர்ளை அறிமுகப்படுத்த எடுத்த சிறு படமும் உண்டு. முதல் விலையுயர்ந்த பெட்டியில் பொம்மைக் காரும் படச் சீட்டுகளும் சேர்த்துக் கொடுத்தார்கள். சேகரிப்பவராக இருந்தாலொழிய அதற்காகக் கூடுதல் காசு தரவேண்டாம்.

அந்தக் கார் நிஜமான காரா?

ஆம். 1955-இல் லிங்கன் நிறுவனம் கண்காட்சிக்காகச் செய்த ஃபியூச்சுரா என்ற ஒற்றைக் கார். அதை வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் பாரிஸ் பேட்மொபைலாக மாற்றினார். 2013 ஜனவரியில் ஏலத்தில் கட்டணங்கள் சேர்த்து 46.2 லட்சம் டாலருக்குப் போனது.

வெளிநாட்டு டிஸ்க் இங்கே ஓடுமா?

டிவிடிக்கு அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. பிளேயர் எல்லா மண்டலமும் ஓடக்கூடியதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பழைய கையிருப்புப் பெட்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: முதல் அச்சில் சில துண்டுக் காட்சிகள் விடுபட்டிருந்தன; பிறகு வார்னர் மாற்று டிஸ்க் கொடுத்தது. கதையைப் பாதிக்கும் அளவுக்கு இல்லை. எனக்கு அது பொருட்டில்லை, முழுமை வேண்டும் என்பவர்கள் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

120-ஐயும் முடித்தபின் என்ன பார்ப்பது?

வெஸ்ட், வார்டு, நியூமார் மூவரும் குரல் கொடுத்த இரண்டு அனிமேஷன் படங்கள் 2016-லும் 2017-லும் வந்தன. இரண்டாவதில் வில்லன் டூ-ஃபேஸ்; தொடரில் கடைசிவரை வராத பாத்திரம், குரல் வில்லியம் ஷாட்னர். வெஸ்ட் 2017 ஜூனில் 88 வயதில் இறந்தார்; படம் அந்த அக்டோபரில்தான் வெளியானது. எண்பதைக் கடந்தவரின் குரலில் முப்பதுகளின் துடிப்பு இல்லை. ஆனால் அபத்தமான வாக்கியத்தின் நடுவில் எங்கே நிறுத்தவேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. முதல் படம் இரண்டில் மேல்.